படத்தில் இல்லாத வெயில்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதப் பிற்பகலில், திருச்சி கே.கே. நகர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அதன் சுவர்களை எழுப்பி, சன்னல் வைத்து, திரை மாட்டி, கட்டில் போட்டுப் பதினொரு படங்கள் கொடுத்தவன் நான். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியவில்லை. அந்தக் குறை மனதில் இருந்ததால் அன்று போனேன்.

வீட்டுக்காரரின் அம்மா ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மேற்குப் பக்கத்து அறை அவருக்கென்றே கட்டியது. ஏம்மா இங்கே படுத்திருக்கீங்க என்று கேட்டேன். எழுந்து என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனார். மணி நாலு. சன்னலில் ஒரு பழைய புடவையை இரண்டாக மடித்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதை விலக்கிக் காட்டினார். வெயில் அறைக்குள் எட்டடி வரை வந்து, கட்டில் கிடந்திருக்க வேண்டிய இடத்தில் பளீரென்று கிடந்தது. சுவரில் கை வைத்தால் சுட்டது.

"நீங்க காட்டுன படத்துல இந்த வெயில் இல்லையே தம்பி" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. புரியாமல் கேட்டார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி. நான் கொடுத்த படத்தில், அதே அறையில், தேன் நிறத்தில் ஒரு காலை வெளிச்சம் மெல்லிய வெள்ளைத் திரை வழியாகச் சாய்வாக இறங்கியிருந்தது. மேற்குச் சன்னலில் காலை வெயில். வரைந்த எனக்கும் அது உறைக்கவில்லை, பார்த்த யாருக்கும் உறைக்கவில்லை. படம் அவ்வளவு அழகாக இருந்தது. அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. பிளானில் அந்தச் சன்னல் 4 அடி அகலம். படத்தைப் பார்த்த மருமகள், "வெளிச்சம் எவ்ளோ அழகா இருக்கு, இன்னும் கொஞ்சம் அகலமா வச்சுக்கலாமா" என்று கேட்டார். 6 அடி ஆக்கினார்கள். என் படத்தை நம்பி ஒரு சுவரில் இரண்டடி கூடுதலாகத் திறந்துவிட்டார்கள்.

அன்று வீடு திரும்பி அந்தப் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு ஊரில் 'த்ரீ-டி போடுறது' என்று பெயர். முகப்பு மட்டும் என்றால் 'எலிவேஷன்'. டிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோகேடில் வரைந்த பிளானை அனுப்புவார். அதன் மேல் ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் ஒன்றில் சுவர் எழுப்புவோம். பிறகு ஒவ்வொரு பரப்பும் என்ன பொருள் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும்: இது சுண்ணாம்பு, இது தேக்கு, இது கண்ணாடி, இது மெருகிட்ட கிரானைட். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். கேமராவை ஓரிடத்தில் வைக்க வேண்டும். மீதியைக் கணக்குப் போட்டுப் படமாக்கித் தருவது ரெண்டர் மென்பொருள்.

அந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்புதான். வெளிச்சம் ஒரு பரப்பில் படுகிறது, கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது, மீதி சிதறி அடுத்த பரப்புக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. இந்த முழுப் பயணத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் 1986இல் ஜேம்ஸ் கஜியா என்ற கணினி வரைகலை ஆய்வாளர் எழுதி வைத்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சாதாரணப் பெட்டியைக் கணினிக்குள் கட்டி, நிறச் சுவரின் நிறம் பக்கத்து வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொள்வதைக் காட்டியிருந்தார்கள். காவித் தரை போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார்கள். மத்தியானம் வாசல் கதவு திறந்திருந்தால், வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாகத் தெரியும். தரையில் விழுந்த வெயில் சிவப்பை எடுத்துக்கொண்டு சுவருக்கு ஏறும். என் பாட்டி வீட்டில் அப்படி ஒரு சுவர் இருந்தது. முதன்முதலில் பிளெண்டரில் காவித் தரை போட்டு, சுவரில் அந்தச் சிவப்பு தானாக ஏறி வந்ததைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கு சரியாக இருந்தாலும் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களை அனுப்பிச் சராசரி எடுக்கிறது மென்பொருள். கதிர்கள் குறைந்தால் படம் முழுக்க மணல் தூவியது போல நாய்ஸ் தெரியும். அந்த மணலைப் பாதியாக்க வேண்டுமானால் கதிர்களை நாலு மடங்காக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு ஒரு முழு ராத்திரி ஆகும். விடியற்காலை மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. இப்போது நல்ல கிராஃபிக்ஸ் கார்டும், மிச்ச மணலைத் துடைத்தெடுக்கும் டீநாய்சர்களும் இருப்பதால் அதே படம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது.

எந்த மென்பொருள் நல்லது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இதை இந்த ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். பல்கேரியாவின் சோஃபியா நகரத்திலிருந்து வரும் வி-ரே, பிராக் நகரில் பிறந்த கொரோனா இரண்டும் நிதானமாகக் கணக்குப் போட்டு நுணுக்கமான படம் தருபவை. லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் எல்லாம் வேகத்துக்கு. கேமராவை நகர்த்த நகர்த்தப் படம் மாறும். நான் பிளெண்டரில் இருக்கிறேன். 2002இல் உலகெங்கும் இருந்து மக்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதை எல்லோருக்குமான மென்பொருளாக விடுவித்தார்கள். கையில் காசில்லாத காலத்தில் நான் தொழில் கற்றது அதில்தான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இவற்றில் எதில் செய்தாலும் நிஜம் போன்ற படம் வரும். நான் சொல்ல வந்த தவறையும் இவற்றில் எதில் வேண்டுமானாலும் செய்யலாம்.

சரி, அந்தக் காலை வெயில் எங்கிருந்து வந்தது?

வெளிச்சத்துக்கு நாங்கள் பெரும்பாலும் எச்டிஆர்ஐ என்ற வகைப் படத்தைப் பயன்படுத்துகிறோம். ஓரிடத்தில் நின்று, நாலு புறமும் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும், கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல எக்ஸ்போஷர்களில் எடுத்துச் சேர்த்த முழு வானம் அது. சூரியனின் உக்கிரமும் நிழலின் கருமையும் ஒரே கோப்பில் அளவோடு பதிந்திருக்கும். அதை வீட்டைச் சுற்றிக் கவிழ்த்துவிட்டால் அந்த வானமே வீட்டுக்கு வெளிச்சம் தரும். 1998இல் பால் டெபெவெக் என்ற கணினி வரைகலை ஆய்வாளர் காட்டிய வழி இது. இன்று பாலி ஹேவன் போன்ற தளங்களில் இலவசமாகவே நூற்றுக்கணக்கான வானங்கள் கிடைக்கின்றன. அருமையான சேவை, நான் தினமும் நன்றியோடு பயன்படுத்துகிறேன்.

அந்த அறைக்கு நான் போட்டிருந்தது வட ஐரோப்பாவில் ஒரு வயல்வெளியில் எடுத்த வானம். சூரியன் தாழ்வாக, மெல்லிய மேகத்துக்குப் பின்னால். அதைப் போட்டு, வெளிச்சம் அழகாக உள்ளே விழும் வரை வானத்தைச் சுற்றியிருக்கிறேன். எல்லோரும் செய்வது அதைத்தான். பயிற்சி வீடியோக்களில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்: பிடித்த இடத்தில் நிழல் விழும் வரை சுற்று. வடக்கு எங்கே என்று அந்தக் கோப்பில் நான் ஒரு தடவைகூடக் குறித்து வைக்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கொஞ்சம் கணக்குப் போட்டேன். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில், வருடத்திலேயே சூரியன் மிகத் தாழ்ந்து போகும் டிசம்பர் 21 அன்று, உச்சிப்பொழுதில் அதன் உயரம் 56 பாகை. ஸ்டாக்ஹோமில், வருடத்திலேயே சூரியன் மிக உயரமாக ஏறும் ஜூன் 21 அன்று, உச்சிப்பொழுதில் 54 பாகை. அதாவது அவர்களுடைய உச்சக் கோடையின் நடுப்பகல் சூரியன், நம் மார்கழி நடுப்பகல் சூரியனைவிடத் தாழ்வு. இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வெளிச்சத்தை வீட்டுக்குள் வரவேற்க சன்னலை அகலமாக்குகிறார்கள், நியாயம். நம் ஊரில் திண்ணையும் தாழ்வாரமும் தாழ்ந்த ஓட்டுச் சாய்ப்பும் எதற்கு வந்தன என்று யோசித்தால், அதுவும் நியாயம். அவர்கள் வானத்தை எடுத்து நம் வீட்டின் மேல் கவிழ்த்தால், கண்ணாடிச் சுவர் வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று படம் நம்மை நம்ப வைத்துவிடும்.

ஸ்கெட்ச்அப்பில் இன்னொரு விஷயம் உண்டு. இடம் எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால், அது வீட்டை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அந்த மென்பொருள் பிறந்த ஊர் அது. அட்சரேகை 40 பாகை. அங்கே வருடம் முழுவதும் நடுப்பகல் சூரியன் தெற்கில்தான். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். ஜூனில் 12 பாகைக்கு மேல் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நம்பி அங்கே சன்ஷேடு இல்லாமல் விட்ட பிளான்களை நான் பார்த்திருக்கிறேன். போல்டர் சூரியனில் நிழல் பார்த்தால் அது சரி என்றுதான் காட்டும்.

அம்மாவின் அறையைச் சரியான திசையில், சரியான ஊரில், மே 15, மாலை 4 மணி என்று வைத்து மறுபடி ரெண்டர் ஓட்டினேன். சூரியன் 34 பாகை உயரத்தில், நேர் மேற்கிலிருந்து 15 பாகை வடக்கே தள்ளி இருந்தது. சன்னலுக்கு மேல் வழக்கமான 2 அடி சன்ஷேடு. அந்தக் கோணத்தில் அது சன்னலின் மேல் ஒன்றரை அடியைக்கூட மறைக்கவில்லை. சன்னலின் மேல் விளிம்பான லிண்டல் 7 அடி உயரத்தில், கீழ் விளிம்பான 'சில்' 3 அடி உயரத்தில். மிச்ச சன்னல் முழுவதும் திறந்த வெயில். தரையில் அந்த வெயில் சுவரிலிருந்து 4 அடியில் தொடங்கி ஏறக்குறைய 8 அடி வரை விழுந்தது. நான் நேரில் பார்த்த அதே இடம். ஐந்து மணிக்கு வைத்தால் இன்னும் உள்ளே போனது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் இருபது நிமிட வேலை. அந்த வீட்டை முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பு உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் கிடைத்திருந்தது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் மனையில் போய் நிற்கிறேன். பிளானில் வடக்கு அம்பு ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது காகிதத்தில் நேர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தெருக்கள் அப்படி நேராக ஓடுவதில்லை, பத்துப் பதினைந்து பாகை விலகியிருக்கும். வாஸ்துவுக்காக ஈசானிய மூலையை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் குடும்பங்கள்கூட இந்த விலகலைக் கேட்பதில்லை. போனில் உள்ள திசைகாட்டியை வைத்து இரண்டு மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுத்துக்கொள்வேன். பக்கத்து வீடு எத்தனை மாடி, எவ்வளவு தள்ளி, எதிரில் என்ன மரம், எல்லாம் எழுதிக்கொள்வேன். பிளெண்டரில் சன் பொசிஷன் என்ற சிறு இணைப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுத்தால் சூரியன் தன் இடத்தில் போய் உட்காரும். நேர மண்டலம் ஐந்தரை என்று கொடுக்க மறக்கக் கூடாது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கை வைத்து ஓடுவதால், திருச்சியில் சூரியன் உச்சிக்கு வரவே சராசரியாகப் பன்னிரண்டேகால் ஆகிவிடும்.

அதன் பிறகு, நிறமோ பொருளோ எதுவும் இல்லாமல், வெறும் சாம்பல் நிற வீட்டை ஆறு நேரங்களில் ஓட்டுகிறேன். சித்திரையில் காலை 9, நடுப்பகல், மாலை 4. மார்கழியில் அதே மூன்று. களிமண் பொம்மை போல இருக்கும் இந்தப் படங்களைத்தான் குடும்பத்துக்கு முதலில் காட்டுகிறேன். இவற்றை யாரும் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் பேச்சு இங்கேதான் நடக்கிறது. "சமையல்கட்டுல காலைல வெயில் வருமா", "துணி எங்க காயப்போடலாம்", "பூஜை ரூம் இவ்ளோ இருட்டா இருக்கே சார்". மேஸ்திரிகளும் இந்தப் படங்களை விரும்புகிறார்கள். வண்ணப் படத்தைப் பார்த்தால் டைல்ஸ் நிறம் பற்றிப் பேசுவார்கள். சாம்பல் படத்தைப் பார்த்தால் லிண்டல் உயரம் பற்றிப் பேசுகிறார்கள்.

வெயில் சரியானதும் அடுத்த பொய் கண்ணில் பட ஆரம்பித்தது. வெள்ளைச் சுவர். பலரும் வெள்ளை என்றால் முழு வெள்ளை என்று எண்ணை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். புதிதாக அடித்த வெள்ளைப் பெயிண்ட்கூட ஏறக்குறைய 80 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் அறைக்குள் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பல தடவை மோதுகிறது. 80 சதவீதம் என்றால் ஐந்து மோதலுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 95 என்று வைத்தால் நாலில் மூன்று பங்கு மிஞ்சும். ஒரே ஒரு எண்ணை ஏற்றியதில் இருட்டு அறை ஒன்று ஒளி நிறைந்த அறையாகிவிடுகிறது. குடிவந்த பிறகு பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறதே என்று அவர்கள் யோசிப்பார்கள்.

பொருள்களில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஆத்தங்குடி கல், செட்டிநாட்டில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல். காரைக்குடி அருகே முற்றம் வைத்த ஒரு புது வீட்டுக்குப் படம் போடும் வேலை வந்தது. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை எடுத்துத் தரையில் ஒட்டிப் பார்த்தேன். பிரிண்ட் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருந்தது. என்ன மாற்றியும் சரிவரவில்லை. கடைசியில் பஸ் ஏறி ஆத்தங்குடிக்கே போய், ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் ஓர் உலோகச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தடுப்பு. கல் செய்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். தடுப்பைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று மயிரிழை அளவுக்குத் தொட்டுக் கலக்கின்றன. பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும், அதன் மேல் ஈரக் கலவை. காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைத் தொட்ட முகம்தான் மேல் முகம். பளபளப்பு அந்தக் கண்ணாடியிடமிருந்து வந்தது. ஒரு நாளில் பல கல்லைச் செய்தவரின் கையில்கூட இரண்டு கல் ஒன்றாக வரவில்லை.

என் படத்தில் என்ன தவறு என்று அங்கே புரிந்தது. நான் ஒரே கல்லை 400 தடவை ஒட்டியிருந்தேன். திரும்பி வந்து பன்னிரண்டு கற்களைத் தனித்தனியே செய்து, கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றின் நிறத்தையும் இரண்டு மூன்று சதவீதம் முன்பின் நகர்த்தினேன். நிறங்கள் சேரும் விளிம்பை மழுங்கவிட்டேன். பளபளப்பிலும் வேறுபாடு வைத்தேன். பழைய வீடுகளில் நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து, நடைபாதை மட்டும் எண்ணெய் தடவியது போல மின்னும், ஓரங்கள் மங்கியிருக்கும். இன்னொன்று பார்வைக் கோணம். காலடியில் உள்ள கல்லை நேராகக் குனிந்து பார்த்தால் அதன் நிறம் தெரியும், பிரதிபலிப்பு நாலு சதவீதம்தான். தூரத்துக் கல்லைச் சாய்வாகப் பார்க்கும்போது அதே பரப்பு கண்ணாடி போலாகி, முற்றத்து வானத்தைக் காட்டும். பிரெனெல் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் வெளிச்சம் பற்றிக் கண்ட இந்த விதியை எல்லா ரெண்டர் மென்பொருளும் தானாகவே செய்கிறது. நாம் கேமராவைச் சரியான உயரத்தில் வைத்தால் போதும். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒருவரின் கண் உயரத்தில், இரண்டரை அடியில் வைத்தேன். பந்தி நடக்கும் நீளத் தாழ்வாரம் ஒரு வாய்க்கால் போல மின்னியது.

அந்த வீட்டில்தான் இருட்டைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். சித்திரை நடுப்பகலில் முற்றத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். தாழ்வாரம் தாண்டி உள்ளறையில் சில நூறு. நம் கண் இரண்டையும் பழகிக்கொள்ளும், கேமராவால் முடியாது. முற்றம் தெரிய வேண்டுமானால் அறை கறுக்கும். அறை தெரிய வேண்டுமானால் முற்றம் வெளுத்துப் போகும். பிளெண்டரில் ஃபில்மிக், இப்போது ஏஜிஎக்ஸ் என்று இந்த இடைவெளியைப் படத்துக்குள் மென்மையாக அடக்கும் வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, தொழிலில் எல்லோரும் செய்யும் குறுக்கு வழி, அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை மிதக்கவிடுவது. நானும் வருடக்கணக்கில் செய்தவன்தான். அந்த வீட்டுக்கு அவற்றையெல்லாம் அணைத்துவிட்டு ஓட்டினேன். உள்ளறை இருண்டது. தூண்கள் நிழலுருவமாயின. தரையில் மட்டும் முற்றத்து வெளிச்சம் ஒரு பட்டையாக ஓடி உள்ளே மங்கியது. அந்தப் படத்தைப் பார்த்ததும் உடம்பே குளிர்ந்தது போல இருந்தது. வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைக்கும்போது ஒரு குளிர்ச்சி இருக்குமே, அதற்கு நம் ஊரில் நிறம் இருட்டுதான். வீட்டுக்காரரின் அப்பா, எழுபது வயதைத் தாண்டியவர், அந்தப் படத்தைக் கையில் வாங்கி, "இது நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றார். பழைய வீட்டைச் சொன்னார்.

அறைக்குள் வைக்கும் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். ஆயத்த த்ரீ-டி பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணைய நூலகங்களில் கிடைக்கும் சோஃபாவும் கட்டிலும் பெரிய வீடுகளுக்கானவை. 10க்கு 12 அறைக்குள் அவற்றைப் போட்டு, இடத்தை மிக அகலமாகக் காட்டும் 16 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நான் 24க்குக் கீழே போவதில்லை. அறைக்குள் அவர்களுடைய பீரோவை அளந்து அதே அளவில் வைக்கிறேன். சீலிங் ஃபேன், ஸ்விட்ச்போர்டு, ஏசியின் வெளிப்பெட்டி, மாடியில் தண்ணீர்த் தொட்டி, வாசலில் செருப்பு வைக்கும் இடம், கொடிக்கயிறு எல்லாமே வைக்கிறேன். இவை எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை, ஒவ்வொன்றாக நானே செய்து சேர்த்தேன். மரங்களும் அப்படித்தான், மேப்பிளும் பிர்ச்சும் குவிந்து கிடக்கும், வேம்பும் புங்கனும் நாம்தான் செய்ய வேண்டும். ஃபேன் வைத்தால் படத்தின் அழகு கெடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஃபேன் இல்லாத படுக்கையறையில் நம் ஊரில் யார் தூங்கியிருக்கிறார்கள்? அது எங்கே தொங்கும், விளக்குக்குக் குறுக்கே நிழல் வெட்டுமா என்பது படத்திலேயே தெரிந்துவிடுவது நல்லதுதானே.

அடுக்குமாடி கட்டி விற்பவர்கள் சிலரிடம் வேலை செய்து விலகிவிட்டேன். ஒருவர், படுக்கையறைச் சன்னலுக்கு எதிரே சில அடி தள்ளி நிற்கும் பக்கத்துக் கட்டடத்தை எடுத்துவிட்டு அங்கே மரங்கள் வைக்கச் சொன்னார். அந்தச் சன்னலைப் பார்த்து முன்பணம் கட்டப்போகும் குடும்பத்தை நினைத்தேன், முடியாது என்று சொல்லிவிட்டேன். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விளக்க ஏட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு, கட்டடம் கட்டி விற்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. படத்தின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் 'கற்பனைச் சித்திரம்' என்று போட்டுக்கொள்வதை நான் இப்போது என் படங்களில் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக ஊர், திசை, தேதி, மணி போடுகிறேன். 'திருச்சி, மேற்கு அறை, மே 15, மாலை 4.00' என்று எழுதிவிட்டால் பொய் சொல்லக் கை வராது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சாம்பல் படத்தைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் புகைப்படம் போலவே ஒன்றைத் தந்துவிடுகிறது. திரையின் மடிப்பு, சோஃபாவின் துணி இழை எல்லாம் நான் மூன்று நாள் உழைத்ததைவிட நன்றாக இருக்கிறது. நானும் சோதித்துப் பார்த்தேன். மேற்கு அறையைக் கொடுத்தேன். தேன் நிறக் காலை வெளிச்சத்தை மெல்லிய வெள்ளைத் திரை வழியாக இறக்கித் தந்தது. என் பழைய படத்துக்கு உடன்பிறந்தது போல இருந்தது. அழகான அறைகளின் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்றிருக்கிறது, அந்தப் படங்களில் பலவற்றை என் போன்றவர்கள்தான் வானத்தைச் சுற்றிச் சுற்றிச் செய்து போட்டோம். அது துணி மடிப்பைச் செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சூரியனை மட்டும் நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

அம்மாவின் அறைக்கு வருகிறேன். அந்த வாரமே அந்தச் சன்னலுக்கு நாலு வழிகளைச் செய்து, மே, ஜூன், செப்டம்பர் மூன்று மாதங்களில் மாலை 3, 4, 5 மணிக்கு ஓட்டி, காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சன்ஷேடை 4 அடிக்கு நீட்டினால் நாலு மணிக்குச் சன்னலின் மேல்பாதி மறைகிறது, ஐந்து மணிக்கு உதவாது. சன்னலைப் பழைய 4 அடிக்குக் குறைக்கலாம், சுவர் வேலை, செலவு. வெளியே ஓரடி தள்ளி மூங்கில் தட்டி தொங்கவிட்டால் வெயில் உள்ளே வராது, காற்று வரும். நாலாவது, சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு புங்க மரம். பங்குனியில் தளிர்த்துச் சித்திரை வெயில் ஏறும்போது அடர்ந்துவிடும் மரம் அது. படத்தில் அதன் நிழல் சன்னல் முழுவதும் பரவி, அறைக்குள் வட்ட வட்டமாகக் கொஞ்சம் வெயில் மட்டும் விழுந்தது.

தட்டியை அந்த மாதமே கட்டினார்கள். கட்டில் அறைக்குத் திரும்பியது. மரத்தை அம்மாவே நட்டார், வனத்துறை நாற்றங்காலில் வாங்கிய கன்று. என் கோப்பில் அது 18 அடி உயரம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். தட்டியின் அடியைத் தாண்டி, சன்னலின் சில் வரை வந்திருந்தது. அம்மா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "படத்துல இருந்த அளவுக்கு வர இன்னும் எத்தனை வருஷம் ஆகும் தம்பி" என்று கேட்டார். நாலைந்து வருடம் ஆகும் என்றேன். சரி என்று அடுத்த வாளியை எடுத்தார்.